கடுகளவு எழுத்துக்கு எந்த வழி நல்லம்? மாதிரி ரயிலின் சாமான் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுவது பற்றி

கனடாவில் இருக்கிற மச்சான் போன முறை மட்டக்களப்புக்கு வந்தபோது ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் மாதிரி ரயிலில் பூட்டுகிற ஆறு சாமான் பெட்டிகளைப் பழைய சாரத்தில் சுற்றிக் கொண்டு வந்து தந்தார். எச்ஓ அளவு, அதாவது அசலின் 87இல் ஒரு பங்கு. நான்கு தானியப் பெட்டிகள், இரண்டு மூடுபெட்டிகள். ஒன்றிலும் ஒரு எழுத்தும் இல்லை, வெறும் பிளாஸ்டிக். மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமும் அதுதான். மூடுபெட்டிகளுக்குக் காவி கலந்த கபிலம் அடித்துக் காயவைத்துப் பார்த்தால் சவர்க்காரக் கட்டிக்குச் சில்லுப் பூட்டின மாதிரி இருந்தது.

எழுத்துப் போட வேண்டும், எந்த முறையில் போடுவது என்று அன்றைக்குத் தொடங்கின யோசனை எட்டு மாதம் ஓடியது. அதற்குள் கையில் அகப்பட்ட எல்லா வழியையும் ஏதோ ஒரு அளவுக்குச் செய்து பார்த்துவிட்டேன், சிலதைக் கெடுத்தும் விட்டேன். இதே கேள்வியோடு இன்னும் இரண்டு மூன்று பேர் ஏறாவூரிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்தில் இருந்து பார்த்த மருமகன் கேட்டான், "மாமா, இந்தப் பொடி எழுத்தையெல்லாம் ஆர் வாசிக்கப் போறது?" ஒருவரும் வாசிக்கப் போவதில்லைதான். நம்மூர் லொறியின் பக்கத்தில் அதன் நிறையை வெள்ளை மையில் எழுதியிருப்பதை எத்தனை பேர் வாசிக்கிறோம்? ஆனால் அந்த நாலு வரி இல்லாத லொறியைப் பார்த்தால் விளையாட்டு லொறி என்று கண் உடனே சொல்லிவிடும்.

முதலில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முறையைத் தெரிவு செய்வது அதில்தான் தங்கியிருக்கிறது. வட அமெரிக்கச் சாமான் பெட்டி ஒன்றின் பக்கத்தில் கம்பனியின் சின்னமும், சொந்தக்காரரைக் குறிக்கும் சுருக்க எழுத்தும், பெட்டி இலக்கமும் பெரிதாக இருக்கும். அதன் கீழே இரண்டு முக்கியமான வரிகள்: ஏற்றக்கூடிய உச்சப் பாரம், வெறும் பெட்டியின் நிறை. இரண்டும் இறாத்தலில். இந்த இரண்டையும் கூட்டினால் ஒரு குறிப்பிட்ட தொகை வர வேண்டும். நான்கு அச்சுள்ள 100 தொன் வகைப் பெட்டி என்றால் 263,000. 70 தொன் வகை என்றால் 220,000. ஆக, வெறும் நிறை 58,300 என்று போட்டால் பாரம் 204,700 என்றுதான் வர வேண்டும். வேறு எதையாவது ஒட்டினால் தெரிந்தவர் ஒருவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். நான்கு தானியப் பெட்டிக்கும் ஒரே நிறையைப் போடவும் கூடாது, அசலில் ஒவ்வொன்றும் சில நூறு இறாத்தலாவது வித்தியாசப்படும். நல்ல காலமாக நிறையை நூறுக்கு மட்டம் தட்டித்தான் எழுதுவார்கள், அதனால் கடைசி இரண்டு சைபரைத் தொடாமல் நடு இலக்கங்களை மட்டும் மாற்றினால் போதும்.

இவை போக, கட்டின மாதமும் வருடமும், உள்நீளம், அகலம், உயரம், கன அடிக் கொள்ளளவு என்று ஒரு கூட்டம் வரிகள் வலது பக்கமாக இருக்கும். 1970களில் இருந்து கீழ் ஓரத்தில் கறுப்புச் சதுரத்துக்குள் வெள்ளையில் எண்ணெய், பிரேக் பரிசோதனை விபரம். 1967இல் தொடங்கி 1977இல் கைவிட்ட நிறக்கோட்டுப் பலகை ஒன்று, இன்றைய பார்கோட்டின் பெரியப்பா மாதிரி. 1978இல் ஒரு வகைச் சில்லில் வெடிப்பு வருகிறதென்று எல்லாப் பெட்டியையும் சோதித்து, சந்தேகம் இல்லாததற்குக் கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் பொட்டும், அந்தச் சில்லு இருந்ததற்கு வெள்ளைப் பொட்டும் வைத்தார்கள். என் பெட்டிகள் 1980ஆம் ஆண்டளவில் ஓடுவதாக வைத்திருக்கிறேன், ஆகவே மஞ்சள் பொட்டு கட்டாயம், நிறக்கோட்டுப் பலகை அழுக்கேறிப்போய் இருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. பெரிய எழுத்து 9 அங்குலம் என்றால் நம் பெட்டியில் 2.6 மில்லிமீற்றர். சின்ன விபர வரிகள் 2, 3 அங்குலம்தான். 2 அங்குலம் என்பது 0.58 மில்லிமீற்றர். ஒரு கடுகின் மேல் இரண்டு வரி எழுதலாம். எழுத்தின் கோடு அதில் ஆறில் ஒன்று என்று வைத்தால் 0.1 மில்லிமீற்றரும் வராது. மற்றது, இந்த எழுத்துகளில் பெரும்பாலானவை வெள்ளை. சின்னது, வெள்ளை என்கிற இந்த இரண்டும் சேர்ந்துதான் பாதி வழிகளை அடைத்துவிடுகின்றன.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வீட்டிலோ கடையிலோ பிரிண்ட் எடுப்பது. நீர்ப்படத் தாள் என்று ஒன்று விற்கிறார்கள், நம் சின்ன வயதில் தண்ணீரில் நனைத்துக் கொப்பியில் ஒட்டின படம் ஞாபகம் இருக்கிறதா, அதே சங்கதிதான். ஆனால் சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்று கணினித் திரையில் தெரிவதெல்லாம் தாளின் நிறம். கண்ணாடி மாதிரித் தாளில் வெள்ளை எழுத்தை அச்சிட்டால் ஒன்றுமே விழாது. இது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் முதல் தாளை வெறுமையாகத்தான் வெளியே எடுத்தேன்.

இரண்டாவது தாள் இன்னும் மோசம். இங்க்ஜெட்டுக்கான தாளும் லேசருக்கான தாளும் வேறு வேறு. ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இங்க்ஜெட் தாளை லேசர் மெஷினுக்குள் விடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். லேசரில் மையைச் சூடாக்கித்தான் தாளில் பிடிக்க வைப்பார்கள், அந்தச் சூட்டில் தாளின் மேல்பூச்சு இளகி உருளையில் சுற்றிக்கொண்டது. கடைப் பொடியன் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிழை முழுக்க என்னுடையது. உருளையைத் துடைக்கிற வரைக்கும் அங்கேயே நின்று, பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

லேசர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் ஒரு புள்ளி 0.042 மில்லிமீற்றர். நம் 0.58 எழுத்துக்கு உயரத்தில் பதின்மூன்று, பதினான்கு புள்ளி கிடைக்கும், கோட்டுக்கு இரண்டு. வாசிக்கலாம், ஆனால் 8க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியுமா என்பது அதிர்ஷ்டம். 1200 புள்ளி மெஷின் கிடைத்தால் விஷயம் வேறு.

ஆனால் இந்த முறையை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு இடத்தில் இது ராசா. கறுப்புச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்து என்றேன் அல்லவா, அதை வெள்ளை நீர்ப்படத் தாளில் கறுப்பை மட்டும் அச்சிட்டு எழுத்தை வெறுமையாக விட்டால், தாளின் வெள்ளையே எழுத்தாகிவிடும். சதுரத்தை ஓரத்தோடு வெட்டி எடுக்க வேண்டியதுதான். வெட்டின விளிம்பில் வெள்ளை தெரியும், அதற்குக் கறுப்பு மார்க்கரின் முனையால் ஒரு இழு. மஞ்சள் பொட்டும் இப்படித்தான். ஒரு தாளில் ஐம்பது பெட்டிக்குக் காணும். இதே தந்திரத்தைப் பெட்டி முழுக்கவும் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், அதாவது பின்னணிக்குப் பெட்டியின் நிறத்தையே அச்சிடுவது. நான் செய்தேன், கபிலம் பொருந்தவே இல்லை. பெட்டியில் பழைய சட்டைக்கு ஒட்டுத் துணி போட்ட மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை டோனர் உள்ள லேசர் மெஷின்கள் உலகத்தில் இருக்கின்றன, வெள்ளை நாடா போட்டு அச்சிடுகிற ஆல்ப்ஸ் பிரிண்டரை இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் ஒரு காலத்தில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், அது உற்பத்தி நின்று வெகுநாள். நம் பக்கத்தில் ஒரு கடையில் வெள்ளை டோனர் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டின துணியின் ஊடாக மையைத் தள்ளி அடிப்பது. கலியாண அட்டையும் கோயில் திருவிழாப் பையும் அடிக்கிற பட்டறை மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. வெள்ளை மை தாராளம், நல்ல அடர்த்தி, கபிலத்தின் மேல் பளிச்சென்று நிற்கும். தெளிவான நீர்ப்படத் தாளில் அடித்துத் தருவார்கள், கொஞ்சம் கெஞ்ச வேண்டும். பிரச்சினை துணியின் கண்ணில். நுண்ணிய வேலைக்குச் சென்ரிமீற்றருக்கு 120 இழை உள்ள துணி போடுவார்கள், ஒரு இழைக்கும் அடுத்ததற்கும் இடையில் 0.083 மில்லிமீற்றர். நம் பொடி எழுத்தின் கோடு கிட்டத்தட்ட ஒரு இழையின் இடைவெளிதான், அது எப்படி விழும்? கொசுவலையால் சீனி அரிக்கிற கதை. ஆனால் 2.6 மில்லிமீற்றர் எழுத்துக்கும் இலக்கத்துக்கும் சின்னத்துக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. கனடாவின் சீஎன் ரயில் கம்பனியின் அந்த ஒரே கோட்டில் வளைந்து போகிற சின்னம், 1960இல் அலன் ஃபிளெமிங் வரைந்தது, இதில் அழகாக விழுந்தது. ஒரு முறை ஸ்கிரீன் செய்ய வாங்குகிற காசுக்கு ஒரு பெட்டிக்கு மட்டும் அடிப்பது நட்டம், பத்துப் பதினைந்து பெட்டி இருந்தால்தான் கட்டும், அல்லது நாலு பேர் சேர வேண்டும்.

ஸ்டிக்கர் வெட்டுகிற கடைகளுக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ஓட்டோக் கண்ணாடிக்கு ஒட்டுகிற அந்த வைனைல் 0.08 மில்லிமீற்றர் தடிப்பு என்று வையுங்கள். 87ஆல் பெருக்கினால் அசல் பெட்டியில் 7 மில்லிமீற்றர் பலகையை ஆணி அடித்து மாட்டின மாதிரி. விளிம்பு எங்கே இருந்தாலும் தெரியும். புதிதாக வந்திருக்கிற யூவி ஸ்டிக்கரில் வெள்ளை மை இருக்கிறது, ஆனால் அதன் மேலே ஒரு தடித்த வார்னிஷ் படலம், விரலால் தடவினாலே மேடு தெரிகிறது. சாமிப் படம் வைக்கிற கண்ணாடிக்கு நல்லம்.

இனி உரசி ஒட்டுகிற எழுத்து. பழைய படவரைஞர்கள் லெட்ராசெட் என்று சொன்னால் கண் கலங்குவார்கள், அதே வகை. தாளை வைத்து மேலே மொட்டை முனையால் உரசினால் எழுத்து மட்டும் இறங்கும், நீர்ப்படத்தில் வருகிற மாதிரிச் சுற்றிவரப் படலம் எதுவும் இல்லை. கண்ணால் பார்க்கிற அழகில் எல்லாவற்றையும் விட இதுதான் மேல், நான் ஒத்துக்கொள்கிறேன். மங்கல் பூச்சின் மேலேயே நேராகப் போடலாம், வார்னிஷ் தேவையில்லை. ஆனால் வைத்தால் வைத்ததுதான், அரை மில்லிமீற்றர் சரிந்துவிட்டால் நகர்த்த முடியாது, செலோடேப்பால் பிடுங்கி எடுத்துவிட்டு மறுபடி புதிதாகத்தான். மூடுபெட்டியின் பக்கத்தில் வரிசையாக நிற்கிற விலா எலும்பு மாதிரியான மேடுகளின் மேல் இது பாதி எழுத்தை விட்டுவிட்டு இறங்கும். அதோடு பசை காய்ந்து போகும் சாமான் இது. தகர அலுமாரிக்குள் ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுக்க இருந்த தாள் ஒன்றை எடுத்து உரசினேன், எழுத்து உடைந்து தூளாகக் கொட்டியது. ஒரு வழி உண்டு: முதலில் வெறும் நீர்ப்படத் தாளின் மேல் உரசி இறக்கிவிட்டு, மறுகா அதைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியில் வைப்பது. நகர்த்தலாம், எலும்பின் மேலும் படியும். ஆனால் அப்படிச் செய்தால் படலம் இல்லாத அழகு போய்விடுகிறது, பிறகு எதற்கு இந்தப் பாடு?

கையால் எழுதுவது பற்றிக் கேட்பீர்கள். 0.1 பேனாவில் வெள்ளை மை போட்டால் இரண்டாவது எழுத்தில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய தூரிகையால் எழுத்து மாதிரியான கிறுக்கல் போடலாம், கை எட்டுகிற தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து என்று நம்பலாம், போட்டோ எடுத்தால் அம்பிட்டுவிடும். என் கை நடுங்குகிற வயது வேறு.

சரி, மிச்சம் இருப்பது காசு கொடுத்து வாங்குகிற நீர்ப்படத் தாள். மைக்ரோஸ்கேல் போன்ற கம்பனிகள் அச்சிடுகிறவை. இவை வெள்ளை மையில், 0.58 எழுத்தும் பூதக்கண்ணாடியில் வாசிக்கக்கூடியதாக வரும். மச்சானுக்கு ஒரு செய்தி அனுப்பினால் வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார், கடித உறைக்குள் அடங்குகிற சாமான். தபாலில் எடுத்தால் தாளின் விலையைத் தபால்காசு தாண்டிவிடும், அதனால் ஒரே தடவையில் நாலைந்து எடுப்பதுதான் புத்தி. ஒரு தாளில் விபர வரிகள் நிறைய இருக்கும், பெட்டி இலக்கங்களும் வேறுபட்டவையாக இருக்கும். ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே உள்ள வெள்ளை எழுத்துக்கு எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைவிட வேறு வழி இல்லை என்பது எட்டு மாதத்துக்குப் பிறகு என் முடிவு.

ஆனால் தாள் வாங்கினால் வேலை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. முதல் மூடுபெட்டியில் மங்கல் பூச்சின் மேலேயே வைத்தேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம், மீன் செதில் ஒட்டின மாதிரி. மங்கல் பூச்சு கண்ணுக்குத்தான் வழவழப்பு, உண்மையில் அது மணல் தாள், அந்தக் குழிகளுக்குள் படலத்தின் அடியில் காற்று நின்றுவிடுகிறது. அதனால் முதலில் பளபளக்கும் தெளிவான வார்னிஷ் அடித்து, முழுக்கக் காயவிட்டு, அதன் மேல்தான் வைக்க வேண்டும். கடைசியில் மங்கல் வார்னிஷ் அடித்தால் எல்லாம் ஒரே முகமாகிவிடும், விளிம்பும் மறைந்துவிடும்.

நான் இப்போது வைக்கிற விதம் இது. எழுத்துக்கு ஒட்டினாற்போல் புது பிளேட்டால் வெட்டுகிறேன். சாவணத்தால் பிடித்துத் தண்ணீரில் பத்துப் பதினைந்து செக்கன், எடுத்து ஒரு துணியின் மேல் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்கிறேன், அவசரப்பட்டுத் தண்ணீருக்குள்ளேயே விட்டால் பசையும் போய் எழுத்தும் மிதந்துவிடும். பெட்டியில் வைக்கிற இடத்தில் ஒரு சொட்டு ஒட்டு திரவம், மைக்ரோ செட் என்பது, வினாகிரி மணக்கும். தூரிகையின் நுனியால் தாளிலிருந்து வழுக்கி இறக்கி, பெட்டியின் கீழ் விளிம்புக்குச் சமாந்தரமா என்று கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து, டிஸ்யூவின் மூலையால் தண்ணீரை உறிஞ்சுகிறேன். பிறகு மற்றத் திரவம், மைக்ரோ சோல், மேலே ஒரு தொடல். படலம் இளகிச் சுருங்கும், எழுத்தெல்லாம் கோணிப்போகும், நெஞ்சு பதறும், கையை மட்டும் வைத்துவிடக் கூடாது. அரை மணித்தியாலத்தில் தானே இழுத்துக்கொண்டு எலும்பின் மேடு பள்ளமெல்லாம் படிந்துவிடும். அடுத்த நாள் குமிழி ஏதும் இருந்தால் ஊசியால் ஒரு குத்து, இன்னொரு தொடல்.

தண்ணீர் பற்றி ஒன்று. எங்கள் வளவுக் கிணறு கடலுக்குக் கிட்ட, உப்பு. அந்தத் தண்ணீரில் நனைத்து வைத்தால் காய்ந்தபிறகு எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, கழுவினாலும் போகாது. எண்ணெய் நிலையத்தில் பற்றரிக்கு விற்கிற வடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கினேன், வருடம் முழுக்கக் காணும். காலநிலையும் அப்படித்தான். ஐப்பசிக்குப் பிறகு மழை தொடங்கிவிட்டால் ஸ்பிறே வார்னிஷ் அடித்த உடனே பால் சிந்தின மாதிரி வெளிறிவிடும், காற்றின் ஈரம் அதற்குள் போய்விடுகிறது. கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் நேர்மாறு, வழுக்கி இறக்குவதற்கு முன்னமே தண்ணீர் காய்ந்து தாள் சுருண்டுகொள்ளும், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடுதான் வேலை. மாசி, பங்குனிக் காலைகள்தான் எனக்குச் சரிவந்தன.

ஆக, என் பெட்டிகளில் இப்போது இருப்பது ஒரு கலவை. பொடி வரிகள் வாங்கின தாளில் இருந்து, கறுப்புச் சதுரமும் மஞ்சள் பொட்டும் லேசரில், பெரிய சின்னம் ஸ்கிரீன் பட்டறையில், பெட்டியைத் திரும்ப நிறை பார்த்த திகதிக்கு மட்டும் பழைய எழுத்தின் மேல் கொஞ்சம் புதுக் கபிலம் தடவி அதன் மேல் வேறு துண்டு. அசலிலும் அப்படித்தான் செய்வார்கள், பழையதை மறைத்து ஒரு திட்டு அடித்து அதன் மேல் புது நிறையை எழுதுவார்கள், அந்தத் திட்டின் நிறம் பெட்டியோடு ஒருபோதும் பொருந்தாது. கபிலம் பொருந்தாத என் கஷ்டம் இந்த ஒரு இடத்தில் மட்டும் உதவியது. ஒரே ஒரு பெட்டிதான், முதலாவதுதான் என்றால் இந்த ஆய்வெல்லாம் வேண்டாம், ஒரு நீர்ப்படத் தாளும் இரண்டு திரவமும் வாங்கிக்கொண்டு நேரே தொடங்குங்கள். இருபது பெட்டி ஒரே கம்பனியில் ஓட்டப் போகிறவருக்குத்தான் ஸ்கிரீன்.

நம்முடைய சொந்தச் சாமான் கோச்சியைச் செய்ய வேண்டும், கொழும்பிலிருந்து எண்ணெய் கொண்டுவருகிற பெட்டி, சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து என்று நினைப்பவருக்கு நிலைமை வேறு. அதற்கு ஆயத்தத் தாளை நான் எங்கும் கண்டதில்லை, எல்லாம் நாமேதான் அச்சிட வேண்டும், தமிழில் 'ணி'யையும் 'ளை'யையும் 0.6 மில்லிமீற்றரில் இரண்டு புள்ளிக் கோட்டால் காட்டுவது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போதாக்குறைக்கு நம் பாதை ஐந்தரை அடி அகலம், எச்ஓவில் 19.3 மில்லிமீற்றர் வர வேண்டும், கடையில் விற்கிற தண்டவாளம் 16.5. அது வேறு தலையிடி.

இரண்டாவது மூடுபெட்டி இன்னும் மேசையில் இருக்கிறது, ஒரு பக்கம் எழுத்தோடு, மறுபக்கம் வெறுமையாக. 58,300க்குப் பதிலாக 58,800 என்று வெட்டி வைத்துவிட்டேன், 204,700ஓடு கூட்டினால் 263,500 வருகிறது. மருமகன்தான் கண்டுபிடித்தான்.